பிரம்புக்குக் கணக்கு தெரியாது

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் கணக்கைக் கண்டால் ஒடுங்கிப்போவது ஏன் என்று சென்ற இதழில் ஒரு மூத்த ஆசிரியர் எழுதியிருந்தார். அவர் கண்டுபிடித்த நோய் ஒன்றே ஒன்று: நாம் பிள்ளைகளை வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பதில்லை. மருந்தும் எழுதிக் கொடுத்துவிட்டார். காலையில் வந்ததும் பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பித்தல். அடுத்து, கடிகாரம் வைத்து ஐந்து நிமிடக் கணக்குத் தேர்வு. மதிய உணவுக்கு முன் மதிப்பெண் பட்டியலைப் பெயரோடு வகுப்புச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். கொஞ்சம் பயம் இருந்தால்தான் கணக்கு மண்டையில் ஏறுமாம். அப்படியும் ஏறாதவர்களுக்குக் 'கணக்கு மூளை' இல்லையாம். அவர்களைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடலாமாம். கடைசி வரியில் இருக்கும் கருணைக்காவது நன்றி சொல்ல வேண்டும்.

அவர் வயதுக்கு வணக்கம். வாதத்துக்கு அது கிடையாது.

ஒத்துக்கொள்ள வேண்டியதை முதலில் ஒத்துக்கொண்டுவிடுகிறேன். வாய்ப்பாடு வேண்டும். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது யோசிக்காமல் நாக்கில் வந்து நிற்காவிட்டால், மூன்றிலக்க வகுத்தலில் பிள்ளை பாதி வழியிலேயே எங்கே இருக்கிறோம் என்பதை மறந்துவிடும். எல்லாவற்றையும் விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தால் போதும், மனப்பாடமே வேண்டாம் என்று பேசும் கூட்டம் ஒன்று உண்டு. அந்தக் கூட்டத்தில் நான் இல்லை. வாய்ப்பாடு நாக்குக்கு எந்த வழியாக வந்து சேருகிறது என்பதில்தான் எங்களுக்குள் வழக்கு.

அவருடைய வழியையே எடுத்துக்கொள்வோம். பதினாறு வாய்ப்பாடு, ஒவ்வொன்றிலும் பத்து வரி. ஆக 160 வரி. ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று இழுத்துப் பாடும் இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு அவை 160 தனித்தனிச் செய்திகள். அந்தக் குழந்தையிடம் 'ஏழெட்டு எவ்வளவு' என்று இடையிலிருந்து கேட்டுப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஓரேழிலிருந்து தொடங்கும். பாட்டு நடுவில் அறுந்தால் மறுபடி முதலடி. ஓர் இடத்தில் சறுக்கினால் அதற்கப்பால் கைகொடுக்க அங்கே எதுவும் இல்லை.

இப்போது வேறு வழி. பத்து வரைக்குமான வாய்ப்பாட்டில் நூறு விடைகள். மூவேழும் ஏழுமூன்றும் ஒன்றே என்பதைப் புளியங்கொட்டைகளை மூன்று வரிசையில் ஏழேழாக அடுக்கி, பலகையைத் திருப்பி வைத்துப் பார்த்த குழந்தைக்கு நூறு என்பது 55 ஆகிறது. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ஆகியவற்றின் பெருக்கல் எந்தக் குழந்தைக்கும் சீக்கிரம் வந்துவிடும். அவற்றை எடுத்துவிட்டால் மிச்சம் 21. ஒன்பதைப் பத்திலிருந்து கழித்துப் பெறலாம்: ஒன்பது ஏழு என்பது எழுபதில் ஏழு குறைவு. நான்கு என்பது இரட்டிப்பின் இரட்டிப்பு. இவையும் போனால் மிஞ்சுபவை பத்தே பத்து: மும்மூன்று, மூவாறு, மூவேழு, மூவெட்டு, ஆறாறு, ஆறேழு, ஆறெட்டு, ஏழேழு, ஏழெட்டு, எட்டெட்டு. இந்தப் பத்தையும் தினம் தினம் கேட்டுப் பழக்குங்கள், குறுக்கும் நெடுக்குமாகக் கேளுங்கள், நான் கைதட்டுகிறேன். மறந்துபோனாலும் இந்தக் குழந்தைக்குத் திரும்பி வர வழி உண்டு. ஆறேழு மறந்தால் ஐயேழு முப்பத்தைந்தோடு ஒரு ஏழைக் கூட்டிக்கொள்ளும்.

கணக்கில் தன்னம்பிக்கை என்று நான் சொல்வது இந்தத் திரும்பி வரும் வழியைத்தான். தன் விடை சரியா தவறா என்பதை ஆசிரியர் முகத்தைப் பார்க்காமல், தானே கண்டுகொள்ளத் தெரிந்த பிள்ளைக்குத் தன்னம்பிக்கை இருக்கிறது. 'சபாஷ், சிங்கக்குட்டி' என்று முதுகில் தட்டுவதால் அது வராது. பயமுறுத்துவதால் வரவே வராது, ஏனென்றால் பயந்த பிள்ளை முதலில் பார்ப்பதே ஆசிரியரின் முகத்தைத்தான். கட்டுரை முழுக்கத் தேடினேன். பிள்ளை தன் விடையைத் தானே சரிபார்ப்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. சரிபார்க்கும் வேலை முழுவதும் சிவப்பு மையிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

அவரே தந்திருக்கும் உதாரணத்துக்கு வருகிறேன். இன்றைய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் லட்சணம் இது என்று இரண்டு தவறுகளைக் காட்டிச் சிரித்திருக்கிறார். நூற்று மூன்று என்று சொன்னால் 1003 என்று எழுதுகிறார்கள். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதுகிறார்கள். கவனக்குறைவு, சோம்பல், ஒப்பிக்காததால் வந்த கேடு.

இரண்டுமே கவனக்குறைவால் வருபவை அல்ல. நூறு என்றால் 100. அதன் பக்கத்தில் மூன்றை வைத்தால் 1003. காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறது குழந்தை. சொல்வதில் நூறும் மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன, எழுதுவதில் மூன்று நூறின் மடியில் போய் உட்கார வேண்டும் என்பதை யாரும் அதற்குக் காட்டவில்லை. 100 என்று எழுதிய ஓர் அட்டையின் கடைசிச் சுழியத்தின் மேல் 3 என்ற சிற்றட்டையை வைத்துக் காட்டினால் தீர்ந்துபோகும் விஷயம். இரண்டாவதும் அப்படித்தான். இரண்டிலிருந்து ஏழு போகாது, ஆகவே ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து. ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும் என்று முதல் வகுப்பில் நாமே சொல்லிக் கொடுத்த விதியை அது விசுவாசமாகப் பின்பற்றுகிறது! இந்தப் பிள்ளையைப் பதினாறாம் வாய்ப்பாட்டை நூறு முறை ஒப்பிக்கச் சொன்னாலும் நாளைக்கும் 35 என்றுதான் எழுதும். வாய்ப்பாட்டுக்கும் இந்தத் தவறுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதற்கு என்ன செய்வது? ஐந்து பத்து ரூபாய்த் தாளும் இரண்டு ஒரு ரூபாய்க் காசும் கொடுத்து, 27 ரூபாய் கொடு என்று கேளுங்கள். கையில் இரண்டு காசுதான் இருக்கிறது, ஏழு கொடுக்க முடியாது என்பது பிள்ளைக்குத் தெரிந்த சங்கதி. சில்லறை மாற்ற வேண்டும் என்று அதுவே சொல்லும். 'கடன் வாங்கிக் கழித்தல்' என்று நாம் கரும்பலகையில் மந்திரம்போல் நடத்துவது அந்தச் சில்லறை மாற்றல்தான். இல்லாவிட்டால் பழைய மளிகைக் கடைக்காரர் மீதி கொடுக்கும் முறை: 27இலிருந்து 30க்கு மூன்று, 30இலிருந்து 50க்கு இருபது, அப்புறம் இரண்டு. மொத்தம் 25. முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'நீ சொன்ன 35ஐயும் 27ஐயும் கூட்டினால் எவ்வளவு வருகிறது?' 62 என்று வந்ததும் முதலில் நெற்றி சுருங்கும், பின் அழிப்பான் தேடப்படும். அங்கே ஆசிரியர் ஒன்றும் சொல்லவே வேண்டியதில்லை. பெயர்ப் பட்டியலால் இந்தக் காரியத்தைச் செய்ய முடியுமா? பட்டியல் சொல்வதெல்லாம் பத்துக்கு நான்கு என்பது மட்டும். எந்த ஆறு, ஏன் போனது என்பதை அது சொல்லாது.

இனி அந்தக் கடிகாரம். வேகம் தன்னம்பிக்கையின் அடையாளம், ஆகவே வேகப்படுத்தினால் தன்னம்பிக்கை வரும் என்கிறார். பிள்ளை கணக்குப் போடுவது, இடைவிடைகளைச் சற்று நேரம் மனத்தில் பிடித்து வைத்திருக்கும் திறனைக் கொண்டு. பதற்றம் அந்த இடத்தையே ஆக்கிரமித்துக்கொள்கிறது. அமெரிக்காவில் முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகள் 154 பேரை வைத்து 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைவிடச் சுவையான ஒன்றைக் கண்டது. கணக்குப் பயம் மிக அதிகமாகப் பாதித்தது, அந்த நினைவுத் திறன் நிறைய இருந்த பிள்ளைகளை. யோசித்துக் கணக்குப் போடக்கூடியவர்களைத்தான் பயம் முதலில் முடக்குகிறது. 'கொஞ்சம் பயம் நல்லது' என்ற கொள்கையின் முதல் பலி வகுப்பின் கெட்டிக்காரப் பிள்ளை. இது நம் கட்டுரையாளருக்குத் தெரியாமல் இருக்கலாம். நாற்பது வருடம் வகுப்பறையில் இருந்தவர் கண்ணிலும் படாமல் போனதுதான் வியப்பு.

பயத்தைப் போக்குவது எது? ஸ்டான்ஃபோர்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எட்டு வாரம் ஒருவருக்கு ஒருவர் என்று உட்கார்ந்து கணக்குச் சொல்லிக் கொடுத்து, முன்னும் பின்னும் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். 2015இல் வெளிவந்த ஆய்வு. கணக்கில் மிகவும் பயந்திருந்த பிள்ளைகளின் பயம் குறைந்தது. மூளையில் அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலா பகுதியின் துடிப்பும் தணிந்தது. பாராட்டு விழா நடத்தியோ தன்னம்பிக்கை வாசகங்களைச் சுவரில் எழுதியோ அது நடக்கவில்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பொறுமையாகக் கணக்குப் போட வைத்தார். அவ்வளவுதான்.

திண்ணைப் பள்ளியை அவர் இழுத்திருக்காவிட்டால் நானும் சும்மா இருந்திருப்பேன். நம் முன்னோர் முந்திரி, காணி, மா என்று பின்னத்தைக் கரைத்துக் குடித்திருந்தார்கள், பிரம்படியில் கற்றதால் என்கிறார். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு, காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று. அவர்கள் அவற்றைக் கரைத்துக் குடித்திருந்தது உண்மைதான். பிரம்பு என்ற காரணம்தான் பொய். எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்ற சுவடிகளைப் பையன்கள் மனப்பாடம் செய்தார்கள். ஆனால் எதை? இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி. இவையெல்லாம் களத்திலும் கடையிலும் அவர்கள் கண்ணெதிரே அளக்கப்பட்டுக்கொண்டிருந்தன. சுவடியில் படித்ததை மாலையில் நெல் அளக்கும்போது பார்த்தார்கள். நினைவு அங்கே கற்கும் முறையாகவே இருந்தது என்பதை டி. செந்தில் பாபு தம் ஆய்வுகளில் விரிவாகக் காட்டியிருக்கிறார். தென்னிந்தியாவின் எண்களையும் அளவைகளையும் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 2022இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. இன்றைய பிள்ளை ஒப்பிக்கும் பதினாறாம் வாய்ப்பாட்டை எந்தக் களத்தில் அளந்து பார்க்கப் போகிறது?

திண்ணையில் வேறு நல்ல பழக்கங்களும் இருந்தன. மணலைப் பரப்பி விரலால் எழுதினார்கள்; தவறினால் ஒரு தடவு, அழிந்துவிடும், சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்காது. தெரிந்த பையன் தெரியாத பையனுக்குச் சொல்லிக் கொடுத்தான். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் மணலில் எழுதுவதைச் சென்னையில் பார்த்து, இந்த இரண்டையும் எழும்பூர் அநாதைப் பள்ளியில் பரிசோதித்து, 1797இல் லண்டனில் புத்தகமாகவே போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. வந்த வெள்ளைக்காரர் மணலையும் சக மாணவனையும் எடுத்துக்கொண்டு போனார். நம் கட்டுரையாளர் பிரம்பை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அந்தத் திண்ணையில் ஏற இடம் பெற்றவர்கள் யார் என்பதையும் அவர் சொல்லவில்லை. பெண் குழந்தைகள் மிகச் சிலர். தீண்டாமையால் ஒதுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தெருவே வேறு. அவருடைய சொந்தப் பள்ளிக் காலத்துக்கு வந்தாலும் இதே கதைதான். 'எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் கணக்கு வந்தது' என்கிறாரே, எந்த எல்லோரும்? ஒன்றாம் வகுப்பில் கூட உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் எஸ்.எஸ்.எல்.சி. வரை கூட வந்தார்கள்? கணக்கு வாத்தியாருக்குப் பயந்து மாடு மேய்க்கப் போனவனும், பீடி சுற்றவும் தீப்பெட்டி ஒட்டவும் போன பெண்ணும் பழைய மாணவர் சங்கக் கூட்டத்துக்கு வந்து சாட்சி சொல்வதில்லை. தப்பி வந்தவர்களை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டுப் பயம் பலன் தந்தது என்று சொல்வது கணக்கு ஆசிரியர் ஒருவர் செய்யக்கூடாத கணக்கு.

அடுத்து, பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் அறிக்கை. நாடு முழுக்கக் கிராமப்புற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் மூவரில் இருவருக்குக் கழித்தல் தெரியவில்லை, செயல்வழிக் கற்றலும் எண்ணும் எழுத்தும் திட்டமும் இப்படித்தான் பிள்ளைகளைக் கெடுத்தன என்று தீர்ப்பு எழுதிவிட்டார். எண் சரி. 2024 அறிக்கையில் கழித்தல் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 33.7 விழுக்காடு. அதே அறிக்கைத் தொடரில் 2018இல் அது 28.2, பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் 25.9. ஏறியிருப்பதை இறங்கியதாகக் காட்டுவதற்கு ஒரே ஒரு எண்ணை மட்டும் எடுத்துக் காட்டினால் போதும் என்ற வித்தை அவருக்குக் கைவந்திருக்கிறது. அதைவிட முக்கியமானது, இந்தியாவின் பெரும்பாலான தொடக்க வகுப்புகளில் நடந்துவருவது என்ன என்பது. கரும்பலகையில் எழுதுவது, பிள்ளைகள் பார்த்தெழுதுவது, சேர்ந்து ஒப்பிப்பது. அவர் கேட்கும் அதே வைத்தியம்தான் தலைமுறை தலைமுறையாக நடந்துகொண்டிருக்கிறது. அந்த வைத்தியத்தின் விளைவைக் காட்டியே அந்த வைத்தியத்தை இன்னும் இரண்டு மடங்கு கொடு என்கிறார்.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. செயலியில் மதிப்பீடுகளைப் பதிவேற்றுவதிலேயே பொழுது போகிறது என்று ஆசிரியர்கள் புலம்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் நிற்கும் இடம் பார்த்துப் பிரித்து அங்கிருந்து தொடங்குவது சரியான யோசனை. பத்துகளும் ஒன்றுகளும் பிடிபடாத பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புப் பாடத்தை எவ்வளவு உரக்கச் சொன்னாலும் காதில் ஏறாது.

விளையாட்டு என்றாலே அவருக்கு ஒவ்வாமை. அமெரிக்காவில் வசதி குறைந்த வீட்டு மழலையர்களுக்கு ஒன்று முதல் பத்து வரை எண் எழுதிய கட்டங்கள் கொண்ட ஒரு பலகை விளையாட்டைச் சீக்லர், ரமணி என்ற இருவர் கொடுத்துப் பார்த்தார்கள். நாலைந்து தடவை கால் மணி நேரம் ஆடியதிலேயே எண்களின் பெரிது சிறிது அறிவது தெளிவாக முன்னேறியது. எண் இல்லாமல் வண்ணம் மட்டும் பூசிய அதே பலகையில் ஆடிய பிள்ளைகளிடம் மாற்றம் இல்லை. ஆகவே வெறும் ஆட்டத்தால் ஒன்றும் ஆகாது என்பதில் அவர் பாதி சரி. ஆட்டத்துக்குள் எண் இருந்தால் காரியம் ஆகும் என்பது அவர் விட்டுவிட்ட பாதி. நம் வீடுகளில் பரமபதம் இருக்கிறது, தாயம் இருக்கிறது, பல்லாங்குழி பரணில் கிடக்கிறது. தாயத்தில் காயை நகர்த்தும்போது 'இன்னும் எத்தனை விழுந்தால் பழத்துக்குப் போகலாம்' என்று கேட்கும் பாட்டி நடத்துவது கழித்தல் பாடம்.

கடைசியாகக் 'கணக்கு மூளை'. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் 1,436 பேரை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட குழு ஆராய்ந்து, 2025இல் நேச்சர் இதழில் வெளியிட்டது. அநேகமாக எல்லோரும் சிக்கலான விலைக் கணக்கைக் கடையில் சரியாகப் போட்டார்கள். அதே அளவுக் கணக்கைப் பள்ளிப் பாணியில் தாளில் கொடுத்தபோது திணறினார்கள். பக்கத்துப் பள்ளிகளின் பிள்ளைகள் 471 பேர் இதற்கு நேர்மாறு. சந்தைப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போட்ட ஒரு கடைக் கணக்கைப் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு விழுக்காட்டினர்தான் போட்டார்கள். இதில் யாருக்குக் கணக்கு மூளை இல்லை? பள்ளியில் தாளைப் பார்த்து மலைத்துப்போகும் அந்தப் பையனைத்தானே 'விட்டுவிடலாம்' என்று நம் கட்டுரையாளர் கைகழுவுகிறார்? இரண்டு பக்கமும் இருந்த அறிவை ஒட்டிப் போட யாரும் இல்லை என்பதைத்தான் அந்த ஆய்வு காட்டுகிறது. அந்த ஒட்டுகிற வேலைக்குத்தான் நாம் ஆசிரியருக்குச் சம்பளம் தருகிறோம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் 17 ஆசிரியைகளின் வகுப்புகளைப் பார்த்த 2010ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், தமக்கே கணக்கு பயம் என்றிருந்த ஆசிரியைகளிடம் படித்த சிறுமிகள் பலர், ஆண்டு முடிவதற்குள் 'கணக்கு ஆண்களுக்குத்தான் வரும்' என்று நம்பத் தொடங்கியிருந்தார்கள். அப்படி நம்பியவர்களின் கணக்குத் திறனும் குறைந்திருந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் அந்த வித்தியாசம் இல்லை. மூளையோடு பிறந்து வரவில்லை, வகுப்பில் வந்து ஒட்டிக்கொண்டது. நம் வீடுகளில் 'எனக்கும் கணக்கு வராது கண்ணு, நீ என்னை மாதிரி' என்று பாசமாகச் சொல்லும் அம்மாக்களும் அப்பாக்களும் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

அந்தப் பெயர்ப் பட்டியல் யோசனையை எந்தத் தலைமையாசிரியராவது ஆர்வமாகக் கத்தரித்து வைத்திருந்தால் அவருக்கு ஒரு வேண்டுகோள். இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009. அதன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டும் தடுக்கவில்லை, மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடுக்கிறது. மீறினால் பணி விதிகளின்படி நடவடிக்கை என்றும் சொல்கிறது. பசையைக் கையில் எடுப்பதற்கு முன் அந்தப் பிரிவை ஒருமுறை படித்துவிடுங்கள்.